வெள்ளைக் கோட்டு அணிந்த 'துப்புரவுப் பணியாளர்': நீலக் குழந்தைகளின் வரலாற்றில் விடுபட்ட பெயர்

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பிறக்கும்போதே இதயக் கோளாறோடு பிறந்து, உடல் நீலம் பாரித்துச் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளை அறுவை சிகிச்சையால் பிழைக்க வைக்க முடியும் என்று அது சொன்னது. மூன்று குழந்தைகளுக்குச் செய்த அறுவையை விவரித்தது. அதுவரை உலகில் எந்த மருத்துவரும் இந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் நம்பிக்கையாக ஒரு சொல் சொன்னதில்லை. கட்டுரையின் தலைப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன: ஆல்ஃபிரட் பிளலாக், ஹெலன் டாசிக். அந்த இரண்டு பெயர்களும் சேர்ந்தே அந்த அறுவைக்கும் பெயராகிவிட்டது. மருத்துவ மாணவர்கள் அதைப் 'பிளலாக்-டாசிக் ஷன்ட்' என்று படித்தார்கள்.

மூன்றாவது பெயர் ஒன்று இருந்தது. அந்த அறுவையை முதலில் செய்து பழகியவர், அதற்கான ஊசியைத் தீட்டியவர், தலைமை மருத்துவர் முதல் தையல் போட்டபோது பின்னால் நின்று வழி சொன்னவர். அவர் பெயர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், ஒரு தச்சரின் மகன். மருத்துவப் பட்டம் இல்லாதவர். கட்டுரையில் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

அவர் கதையை இன்று 'தன்னம்பிக்கைக் கதை'யாகச் சொல்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லப் போவதில்லை. திறமை இருந்தால் யாரும் மேலே வந்துவிடலாம் என்று நமக்கு உபதேசம் செய்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய வரலாறு இது.

குழந்தை ஏன் நீலமாகிறது

நம் ஊரில் 'இதயத்தில் ஓட்டை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பிறவி இதயக் கோளாறுகள் பல வகை. உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு இருக்கிறது. சில ஓட்டைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். சில உயிரைக் குடிக்கும்.

நாம் பேசுவது நான்கு குறைகள் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கோளாறைப் பற்றி. 1888இல் பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரே அதற்கு நின்றது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகல். பெருந்தமனி ஓட்டைக்கு மேலே இரண்டு அறைகளுக்கும் பொதுவாக உட்கார்ந்திருக்கும். குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது கீழறையின் சுவர் தடித்துப்போகும். விளைவு, ரத்தம் போதுமான அளவு நுரையீரலுக்குப் போகாது. ஆக்சிஜன் ஏறாத ரத்தமே உடம்பெங்கும் ஓடும். உதடும் நகமும் நீலமாகும். நாலு அடி நடந்தால் மூச்சிரைக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் விளையாட்டின் நடுவே குந்தி உட்கார்ந்துகொள்வார்கள். அப்படி உட்கார்ந்தால் மூச்சு கொஞ்சம் எளிதாகிறது என்பதை உடம்பே கற்றுக்கொடுத்துவிடும்.

1940க்கு முன்பு இந்தக் குழந்தைகளுக்கு மருத்துவம் என்று எதுவும் இல்லை. இறந்தபின் இதயத்தை எடுத்துப் பார்த்துக் குறிப்பெழுதி வைப்பார்கள். அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தியவரும் ஒதுக்கப்பட்ட ஒருவர்தான். கனடாவின் மோட் அபட்டைப் பெண் என்பதற்காக மெக்கில் பல்கலைக்கழகம் மருத்துவப் படிப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு கல்லூரியில் படித்து மருத்துவரானார். பிறகு அதே மெக்கிலின் மருத்துவ அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து, 1000 இதயங்களைப் பற்றிய பெருந்தொகுப்பை 1936இல் வெளியிட்டார்.

தச்சர் மகனின் சேமிப்பு

விவியன் தாமஸ் 1910இல் லூயிசியானா மாநிலத்தில் பிறந்தார். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வளர்ந்தார். அப்பாவோடு சேர்ந்து இளவயதிலேயே தச்சு வேலை கற்றார். அளவு பிசகாமல் அறுப்பது, பொருத்துவது, இணைப்புத் தெரியாமல் இழைப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. மருத்துவராக வேண்டும் என்பது கனவு. உயர்நிலைப் பள்ளி முடித்துக் கல்லூரிக்காகப் பணம் சேர்த்தார். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டு அவர் பணம் போட்டிருந்த வங்கி மூடப்பட்டது. சேமிப்பு மொத்தமும் போயிற்று.

அதற்குள், 1930 பிப்ரவரியிலேயே, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளலாக்கின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வாரம் 12 டாலர் சம்பளம். சில மாதம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகலாம் என்பது திட்டம். அது 50 ஆண்டு வேலையாக முடியும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு சம்பவம். ஏதோ ஒரு தவறுக்காகப் பிளலாக் கெட்ட வார்த்தைகளால் கத்தினார். தாமஸ் உடை மாற்றிக்கொண்டு வந்து, இப்படிப் பேசினால் வேலையை விட்டுப் போய்விடுகிறேன், நான் அப்படி வளர்க்கப்பட்டவன் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். பிளலாக் மன்னிப்புக் கேட்டார், இனி அப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்தார். 1930இல், அமெரிக்காவின் தென்மாநிலத்தில், 19 வயதுக் கறுப்பு இளைஞர் ஒரு வெள்ளை மருத்துவரிடம் இதைச் சொன்னார். வேறு வேலை கிடைக்காத பஞ்ச காலத்தில் சொன்னார். சுயமரியாதை என்று நாம் சொல்வது இதைத்தான்.

சில ஆண்டுகளுக்குள் ஆய்வக விலங்குகளில் சிக்கலான அறுவைகளைத் தாமஸ் தனியாகவே செய்தார். ரத்தப் பரிசோதனைகளையும் அவரே செய்தார், குறிப்பும் எழுதினார். விபத்திலும் போரிலும் காயம்பட்டவர்கள் அதிர்ச்சிநிலைக்குப் போய்ச் சாவது உடம்பில் ஏதோ நஞ்சு பரவுவதால் என்று அன்று நம்பினார்கள். இல்லை, ரத்தமும் திரவமும் இழப்பதால்தான், அதை ஈடுகட்டினால் பிழைப்பார்கள் என்று அந்த ஆய்வகம் நிரூபித்தது. இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ சிப்பாய்களை இந்த அறிவு காப்பாற்றியது. அதே போரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர்களின் ரத்தத்தை வாங்கவே மறுத்தது. பிறகு வாங்கி, தனியாகப் பிரித்து வைத்தது. 1950 வரை இந்தத் தீண்டாமை ரத்தப் புட்டியிலும் இருந்தது.

இவ்வளவு வேலைக்கும் வாண்டர்பில்ட் ஆவணங்களில் தாமஸின் பதவி என்ன? துப்புரவுப் பணியாளர். கறுப்பர்களுக்கு அங்கே இருந்த பதவியும் சம்பள வரிசையும் அதுதான். ஆகவே செய்வது அறுவை ஆராய்ச்சி, வாங்குவது கூட்டிப் பெருக்குபவரின் சம்பளம்.

பால்டிமோரின் தாழ்வாரங்கள்

1941இல் பிளலாக்குக்குப் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைத் துறைத் தலைமைப் பதவி கிடைத்தது. தாமஸும் வர வேண்டும் என்றார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தாமஸ் போனார். அங்கே கறுப்பு நோயாளிகளுக்குத் தனி வார்டு. கழிப்பறையும் தனி. வேலையில் இருந்த கறுப்பர்கள் கூட்டிப் பெருக்குபவர்களாகவும் எடுபிடிகளாகவுமே இருந்தார்கள். அந்தத் தாழ்வாரத்தில் தாமஸ் வெள்ளைக் கோட்டோடு நடந்தபோது எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அண்ணன் ஹெரால்டின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். நாஷ்வில்லில் ஆசிரியராக இருந்த அவர், வெள்ளை ஆசிரியருக்கு ஒரு சம்பளம் கறுப்பு ஆசிரியருக்கு ஒரு சம்பளமா என்று கேட்டு வழக்குப் போட்டார். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பு நீதிபதியான தர்குட் மார்ஷல் வாதாட, வழக்கில் வென்றார். வென்றவருக்கு வேலை போயிற்று. தம்பி எதற்காகச் சில இடங்களில் வாய் திறக்காமல் இருந்தார் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டாசிக் கேட்ட கேள்வி

ஹெலன் டாசிக் ஹாப்கின்ஸில் குழந்தைகள் இதயப் பிரிவை நடத்தியவர். பெண்களுக்குப் பட்டம் தரமாட்டோம் என்று ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி சொன்னதால் ஹாப்கின்ஸுக்கு வந்து 1927இல் பட்டம் பெற்றவர். காது கேட்கும் திறனை இழந்த பிறகு, குழந்தையின் நெஞ்சில் விரல் வைத்தே இதயத்தின் ஓசையை உணரக் கற்றுக்கொண்டார்.

ஒன்றை அவர் கவனித்தார். கருவில் இருக்கும்போது பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று இருக்கும். பிறந்ததும் அது மூடிவிடும். நீலக் குழந்தைகளில் யாருக்கு அது மூடாமல் இருக்கிறதோ அவர்கள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். மூடியதும் மோசமானார்கள். அப்படியானால் அந்தக் குழாயைச் செயற்கையாக உண்டாக்கினால் என்ன? மூடாத குழாயை மூடும் அறுவையை 1938இல் பாஸ்டனில் செய்து புகழ்பெற்றிருந்த ராபர்ட் கிராஸிடம் போய்க் கேட்டார். அவர் அக்கறை காட்டவில்லை. 1943இல் பிளலாக்கிடமும் தாமஸிடமும் கேட்டார். குழாய் வேலைக்காரர் குழாயை மாற்றிப் பொருத்துவதுபோல நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக வழி செய்ய முடியாதா என்பதுதான் கேள்வி.

வாண்டர்பில்ட்டில் இருந்தபோது வேறொரு நோக்கத்துக்காகக் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை வெட்டி நுரையீரல் தமனியோடு நாய்களில் இணைத்துப் பார்த்திருந்தார்கள். நினைத்த பலன் கிடைக்காமல் அந்தச் சோதனை தோற்றுப்போயிருந்தது. இப்போது அதே இணைப்புதான் விடையாகத் தெரிந்தது.

ஆனால் குழந்தையின் உடம்பில் அதைச் செய்யும் முன் நிரூபிக்க வேண்டும். அந்த வேலை தாமஸிடம் வந்தது. கோளாறுள்ள இதயங்கள் சேகரித்து வைக்கப்பட்டிருந்த இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைப் படித்தார். முதலில் நாயை நீலமாக்க வேண்டும், பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், சுமார் 200 நாய்கள். அறுவைக்குப் பின் நெடுநாள் வாழ்ந்த 'அன்னா' என்ற நாயின் ஓவியத்தைப் பிற்பாடு ஹாப்கின்ஸில் மாட்டினார்கள்.

குழந்தையின் தமனி அளவுக்கு ஏற்ற ஊசி அன்று கடையில் கிடையாது. இருந்த ஊசியை வெட்டி, முனையைத் தீட்டித் தாமஸே செய்துகொண்டார். ரத்தக்குழாயை நசுக்காமல் பிடிக்கும் கவ்விகளையும் தேவைக்கேற்ப மாற்றியமைத்தார். தச்சுப் பட்டறையில் கற்ற கை அது.

பின்னால் நின்றவர்

1944 நவம்பர் 29. எய்லீன் சாக்ஸன் என்ற 15 மாதப் பெண் குழந்தை. எடை சுமார் 4 கிலோதான். பிளலாக் அறுவை மேசைக்கு வந்தார். இந்த அறுவையை நாயின் மீது அவர் ஒரே ஒரு முறை செய்திருந்தார், அதுவும் தாமஸின் துணையோடு. தாமஸோ பலமுறை தனியாகவே செய்து முடித்தவர். பிளலாக் அவரைக் கூப்பிட்டுத் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நிற்கச் சொன்னார். தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, தையல் இடைவெளி சரியா, ஊசி சரியான பக்கத்தில் இறங்குகிறதா என்று தாமஸ் சொல்லிக்கொண்டே வந்தார்.

நிறவெறி ஆண்ட ஒரு மருத்துவமனையில் துறைத் தலைவர் ஒரு கறுப்பு உதவியாளரைக் கேட்டுக் கேட்டுத் தைத்தார். பிளலாக்குக்கு உரிய மதிப்பை நாம் குறைக்க வேண்டியதில்லை. குழந்தை மேசையிலேயே இறந்திருந்தால் பழி அவர் தலையில்தான் விழுந்திருக்கும். அந்தத் துணிச்சல் அவருடையது, யோசனை டாசிக்குடையது, கை தாமஸுடையது. மூன்றும் இல்லாமல் இது நடந்திருக்காது.

எய்லீன் அந்த அறுவையில் பிழைத்தாள். சில மாதங்கள் கழித்து மீண்டும் நீலம் பாரித்தது. இரண்டாம் அறுவைக்குப் பின் இறந்துபோனாள். ஆனால் வழி திறந்துவிட்டது. மூன்றாவதாக அறுவை செய்துகொண்ட 6 வயதுச் சிறுவனின் உதடு மேசையிலேயே சிவந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் 200க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அறுவை நடந்தது. தாமஸ் அந்த முக்காலியில் தொடர்ந்து நின்றார். 1947இல் பிளலாக்கும் டாசிக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய் இதைச் செய்து காட்டினார்கள். அந்தக் குழுவில் தாமஸ் இல்லை.

டாசிக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெண் என்பதற்காகக் கதவு சாத்தப்பட்டவர் அவர். முழுப் பேராசிரியர் பதவியே 1959இல்தான் கிடைத்தது. அப்படிப்பட்டவர் பெயர் இருந்த கட்டுரையிலும் தாமஸுக்கு ஒரு வரி நன்றி இல்லை. ஒரு ஒடுக்குமுறையை அனுபவித்தவருக்கு இன்னொரு ஒடுக்குமுறை தானாகக் கண்ணில் படுவதில்லை. நம் இயக்கங்களுக்குள்ளும் இதை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

சம்பளம், பட்டம், பெயர்

உலகமே ஹாப்கின்ஸைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது தாமஸ் குடும்பச் செலவுக்காகப் பிளலாக்கின் வீட்டு விருந்துகளில் மது பரிமாறினார். பகலில் ஆய்வகத்தில் அவரிடம் தையல் கற்ற அதே இளம் மருத்துவர்களுக்கு இரவில் கோப்பை நீட்டினார். 1946இல், இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது, தச்சு வேலைக்கே போகிறேன் என்று சொன்ன பிறகுதான் சம்பளம் நன்றாக உயர்ந்தது. கேட்டதால் கிடைத்தது, தானாக வரவில்லை.

மருத்துவராகும் கனவையும் அவர் உடனே விடவில்லை. பால்டிமோரிலுள்ள மார்கன் கல்லூரியில் விசாரித்தார். இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை, முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். மருத்துவப் படிப்பும் சேர்த்து முடிக்கும்போது 50 வயதாகிவிடும். கைவிட்டார்.

அவரிடம் கற்றவர்களில் ஒருவர் டென்டன் கூலி. முதல் அறுவையின்போது பயிற்சி மருத்துவராக அந்த அறையில் இருந்தவர். 1969இல் மனித உடலில் முதல் செயற்கை இதயத்தைப் பொருத்தியவர். இப்படி ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்களுக்குத் தாமஸ் ஆசிரியர். ஆனால் அதே மருத்துவக் கல்லூரியில் முதல் கறுப்பின மாணவர்கள் பட்டம் பெற்றது 1967இல்தான். கற்பிக்கத் தகுதியிருந்த ஒருவருக்கு அங்கே கற்கத் தகுதி இல்லை. 'தகுதி' என்ற சொல்லை நம் முகத்தில் வீசுபவர்களிடம் இந்த ஒரு வரியைக் கொடுங்கள்.

1971இல் அவரிடம் பயின்ற அறுவை மருத்துவர்கள் சேர்ந்து அவர் ஓவியத்தை வரையச் செய்து மருத்துவமனைக்கு வழங்கினார்கள். பிளலாக் அதைப் பார்க்கவில்லை, 1964இலேயே இறந்துவிட்டார். 1976இல் ஹாப்கின்ஸ் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. அதுவும் மருத்துவத்தில் இல்லை, சட்டத்தில். 1979இல் ஓய்வு பெற்றுத் தன் வரலாற்றை எழுதினார். 1985 நவம்பரில் இறந்தார். புத்தகம் சில நாள் கழித்து வெளிவந்தது. 2004இல் அவர் வாழ்க்கை தொலைக்காட்சித் திரைப்படமாக வந்த பிறகே பெரும்பாலோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள். இன்று பல மருத்துவக் கட்டுரைகள் 'பிளலாக்-டாசிக்-தாமஸ் ஷன்ட்' என்று எழுதுகின்றன. பெயர் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

நம் பிணவறைகளின் கதவு

அமெரிக்காவின் நிறவெறியும் இங்கேயுள்ள சாதியும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றதைப் புரிந்துகொள்ளும் மரபு நமக்கு உண்டு. மகாத்மா புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா சடலத்தை அறுத்துப் பார்த்ததை நவீன இந்திய மருத்துவத்தின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். தீட்டை மீறிய உயர்சாதிக்காரர் என்பதால் அது சாதனை. ஆனால் அந்தக் கல்லூரிகளுக்குச் சடலத்தைச் சுமந்து வந்து, கழுவி, அறையைச் சுத்தம் செய்தவர்கள் டோம் சமூகத்தினர். அவர்கள் காலங்காலமாகத் தொட்டதற்குப் பெயர் சாதிக் கடமை. வங்காள மருத்துவமனைகளில் 'டோம்' என்பது ஒரு வேலையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

நம் அரசு மருத்துவமனைகளுக்கு வாருங்கள். பிரேதப் பரிசோதனை செய்து அறிக்கை எழுத வேண்டியவர் மருத்துவர். பல இடங்களில் உடலைத் திறப்பதும், மண்டையை அறுப்பதும், உறுப்பை எடுத்துக் காட்டுவதும், மறுபடி தைத்துக் கொடுப்பதும் பிணவறை ஊழியர். பெரும்பாலும் நம் மக்கள். எத்தனையோ பேருக்கு ஆவணத்தில் பதவி 'துப்புரவுப் பணியாளர்'. அறிக்கையில் கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. 1930இன் வாண்டர்பில்ட் சம்பளப் பட்டியலை இங்கே நாம் கண்ணால் பார்க்கிறோம். தொழிலைப் பிரித்துக்கொள்வது வேறு, தொழிலாளர்களை மேல் கீழாக அடுக்குவது வேறு என்று அம்பேத்கர் காட்டிய வேறுபாடு பிணவறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சமூகப் பணியாளர்களாக நாங்கள் போகிற காலனிகளில் நெஞ்சில் தழும்போடு ஓடியாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசுக் காப்பீட்டில் அறுவை செய்துகொண்டவர்கள். கோளாறை முழுமையாகச் சரிசெய்யும் அறுவை 1954இலேயே வந்துவிட்டது. ஆனாலும் அதைத் தாங்க முடியாத அளவு சின்னக் குழந்தைகளுக்கு முதலில் ஷன்ட் வைத்துக் காலம் வாங்குகிறார்கள். தாமஸ் போட்ட வழிதான், இன்று அதில் செயற்கைக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். 'கிரகணத்தன்று வெளியே போனாள்', 'போன பிறவிப் பாவம்' என்று தாயைக் குற்றம் சொல்கிற வீடுகளில், இது ரத்தக்குழாய்க் கோளாறு, இதைச் சரிசெய்யக் கற்றவர் ஒரு தச்சரின் மகன் என்று நாங்கள் சொல்வதுண்டு.

இந்த வரலாற்றிலிருந்து வேலை ஒன்று நமக்கு இருக்கிறது, தோழர்களே. தாமஸின் பெயர் மீண்டதற்கு அவர் எழுதி வைத்த புத்தகம் ஒரு முக்கியக் காரணம். நம் ஊர்ப் பிணவறைகளில் 30 ஆண்டு கத்தி பிடித்த பெரியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். என்ன வேலை செய்தார்கள், யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், என்ன பதவியில் என்ன சம்பளம் வாங்கினார்கள் என்று பதிவு செய்யுங்கள். செய்த வேலைக்குரிய பதவியும், பாதுகாப்பு உபகரணமும், ஊதியமும் கேட்டு நடக்கும் போராட்டத்துக்கு அந்தப் பதிவுகள்தான் சாட்சி.